“மறுகா ஆரு தண்ணி ஊத்துற?” – இளைஞர்களோடு சிரமதானம் செய்யப் புறப்படுபவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் 5ஆம் திகதி, சுற்றாடல் தினம் என்று மட்டக்களப்பு வாவிக்கரைப் பக்கமாக ஒரு கிராமத்து வீதியில் முப்பது மரக்கன்றுகள் நட்டோம். வேம்பு, மருது, புங்கை. பதாகை கட்டினோம், ஆளுக்கொரு கன்றோடு நின்று படம் எடுத்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா ஒருவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “மறுகா ஆரு மனே தண்ணி ஊத்துற?” அதாவது, பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது என்று.

“நாங்கதான் அம்மம்மா” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த இரண்டு மாதமும் கச்சான் காற்று மண்ணை வறுத்தெடுத்தது. ஆவணியில் போய்ப் பார்த்தால் இரண்டு கன்றுகள்தான் மிச்சம். இரண்டும் அந்த அம்மம்மாவின் வாசலுக்கு நேரே நின்றவை. அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு எந்த வேலையைத் திட்டமிட்டாலும் கொப்பியின் முதல் பக்கத்தில் “மறுகா ஆரு?” என்று எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறேன். இளைஞர் கழகம், விளையாட்டுக் கழகம், லியோ, சாரணர், அறநெறிப் பாடசாலை என்று எந்தப் பெயரில் நீங்கள் பிள்ளைகளைச் சேர்த்திருந்தாலும் சரி, முதல் தடவையாக ஒரு பொதுவேலையைப் பொறுப்பெடுக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான்.

முதலில் நடந்து பாருங்கள்

வாட்ஸ்அப் குழுவில் “என்ன செய்யலாம்?” என்று கேட்டால் வருகிற பதில்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: மரநடுகை, கடற்கரை துப்புரவு, கொப்பி கொடுப்பது. கேட்காதீர்கள். மூன்று நான்கு பேராக ஒரு பின்னேரம் ஒரே ஒரு ஒழுங்கையைத் தெரிவுசெய்து, தலைப்பிலிருந்து கடைசி வீடு வரைக்கும் நடந்து பாருங்கள். சைக்கிளிலும் போக வேண்டாம், நடக்க வேண்டும். வடிகான் எங்கே அடைத்திருக்கிறது, எந்த மூலையில் குப்பை சேர்கிறது, முன்பள்ளிக்குப் போகும் சின்னப் பிள்ளைகள் எந்த இடத்தில் வீதிக்கு இறங்குகிறார்கள் என்பதெல்லாம் நடந்தால்தான் தெரியும்.

பிறகு கேளுங்கள். மூலைக் கடைக்காரர், துறையில் வலை பொத்திக்கொண்டிருப்பவர், மாதர் சங்கத் தலைவி. எல்லாரையும்விட அந்தப் பகுதிக்குப் பொறுப்பான குடும்ப நல உத்தியோகத்தர், அதாவது நம் ஊர் வாயில் மிட்வைஃப். எந்த வீட்டில் தனியாக ஒரு வயதானவர் இருக்கிறார், எங்கே மலசலகூடம் உடைந்து கிடக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். “நாங்க உங்களுக்கு என்ன செய்யணும்?” என்று கேட்டால் வெட்கத்தில் ஒன்றும் இல்லை என்பார்கள். “மழைக்கு இந்த ஒழுங்கையில தண்ணி எவ்வளவு நாள் நிக்கும்?” என்று கேளுங்கள், கதை தானாக வரும்.

வந்த கதைகளிலிருந்து ஒன்றைப் பொறுக்கும்போது இரண்டே விஷயம் பார்க்கவேண்டும். கைக்கருவிகளோடு இருபது பிள்ளைகள் ஒரு காலையில் முடிக்கக்கூடிய வேலையா? முடித்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஆள் இருக்கிறதா? வடிகான் நிற்பதற்குக் காரணம் வீதிக்குக் குறுக்கே போகும் போக்கு உடைந்திருப்பதுதான் என்றால், எத்தனை மண்வெட்டி கொண்டுபோனாலும் வேலை நடக்காது. அங்கே பிள்ளைகள் செய்யவேண்டியது, அளந்து படம் எடுத்து, ஒழுங்கையாரிடம் கையெழுத்து வாங்கி, பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ ஒரு கடிதம் கொடுப்பது. அதுவும் சேவைதான். என்ன, அதற்கு டீசேட் அடிக்கத் தேவையில்லை.

நம் ஊர்க் காலநிலையைப் பார்த்து நாள் குறியுங்கள்

உலக தினங்களின் பட்டியலை வைத்துத் திட்டம் போடுவதுதான் புதியவர்கள் எல்லாரும் விடும் பிழை. நானும் விட்டேன். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்துக்கு மழை வருவது வடகீழ்ப் பருவக் காற்றோடு. ஜூன் மாதம் கொழும்பில் குடை பிடித்துக்கொண்டு நடும் கன்று அங்கே பிழைக்கும். இங்கே அதே நாள் நட்டால் மூன்று மாதம் வாளியோடு நடக்க வேண்டும். மரம் நடுவது ஐப்பசியில், முதல் இரண்டு மழை விழுந்து மண் குளிர்ந்த பிறகு. அப்போது வானமே தண்ணீர் ஊற்றும்.

சித்திரை முதல் புரட்டாதி வரைக்கும் கடல் அடங்கியிருக்கும். கல்லடியோ, பாசிக்குடாவோ, திருக்கோவிலோ, கடற்கரை வேலைகளை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலைச் சுவருக்குத் தீந்தை பூசுவது, வாசிகசாலையை ஒழுங்குபடுத்துவது போன்றவையும் இந்த வெயில் காலத்துக்குப் பொருந்தும். கார்த்திகை, மார்கழியில் வெளிவேலை எதையும் குறிக்க வேண்டாம். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியை நேரில் கண்டவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள், ஏன் என்று அவர்களே சொல்வார்கள். அந்த மாதங்களில் செய்யத் தோதானது, வெள்ளம் வந்தால் இடைத்தங்கல் முகாமில் பிரதேச செயலகம் கேட்கும் உதவிக்குப் பத்துப் பேரைத் தயாராக வைத்திருப்பது. மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை. வாவிக்கு மேற்கே வயல் பக்கமான படுவான்கரையில் அப்போது கூட்டம் வைத்தால் கதிரைகள்தான் வரும்.

கிழமையில் எந்த நாள்? இது சின்ன விஷயம் போலத் தெரியும், வேலையையே கெடுப்பது இதுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ, கோயிலும் உண்டு. ஞாயிறு காலை தேவாலயமும் அறநெறியும். சனிக்கிழமை ரியூஷன். பிள்ளைகளிடம் கேட்டால் எல்லாரும் “வருவோம்” என்பார்கள், அன்றைக்கு எட்டுப் பேர்தான் வருவார்கள். ஆகவே ரியூஷன் நேரத்தை முதலில் எழுதி வாங்குங்கள். போயா விடுமுறை நாள் பல குழுக்களுக்கு ஒத்துவருகிறது. நோன்பு காலம், வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்தி, ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தம், சாதாரண தரம், உயர்தரப் பரீட்சைகள், இவற்றையும் கலண்டரில் வட்டமிட்டுவிட்டு மிச்சமிருப்பதில் நாள் பாருங்கள். மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும்.

கண்டல் நடுவதைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை, ஏனென்றால் வாவிக்கரையில் இருக்கும் எல்லாக் குழுவுக்கும் இந்த ஆசை உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்ட கண்டல்களை இடம் இடமாகப் போய்ப் பார்த்து 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, நட்டது 1000 முதல் 1200 ஹெக்டேயர், தேறியது ஏறத்தாழ 200 ஹெக்டேயர். பிழையான இடத்தில் நட்டது ஒரு காரணம், நட்டபின் யாரும் திரும்பிப் பார்க்காதது இன்னொன்று. கண்டலுக்குச் சேறு வேண்டும், ஆனால் எந்நேரமும் முழங்கால் தண்ணீரில் நிற்கும் இளங்கன்று மூச்சுமுட்டிச் சாகும். மாரியில் முகத்துவாரத்து மணலை வெட்டிக் கடலுக்குத் திறக்கும்வரை வாவித் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று அந்தக் கரை மீனவரிடம் கேட்காமல் ஒரு கன்றுகூட ஊன்ற வேண்டாம். ஏற்கெனவே கண்டல் தானாக முளைத்திருக்கும் இடத்தில் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, மாடு வராமல் வேலி போட்டுக் கொடுப்பது அதைவிட நல்ல வேலை என்பது என் எண்ணம்.

கடிதம்

அனுமதி கேட்டால் இழுத்தடிப்பார்கள் என்று பலர் கேட்காமலே இறங்கிவிடுகிறார்கள். உண்மையில் கிராம உத்தியோகத்தரிடம் இரண்டு கிழமைக்கு முன் போனால் பாதி வேலை அவரே செய்து தருவார். ஒரு பக்கக் கடிதம் போதும்: நாங்கள் யார், எந்த ஒழுங்கை, எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை பேர், பொறுப்பான பெரியவர் யார், உங்களிடமிருந்து என்ன வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் எழுத மறக்கிறார்கள். “ஆதரவு தருமாறு” என்று எழுதினால் ஆதரவுதான் கிடைக்கும். “காலை 10 மணிக்கு ஒரு ட்ரக்டர்” என்று எழுதுங்கள்.

பிரதியொன்றில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நுளம்பு வேலை என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், பாடசாலை வளவு என்றால் அதிபருக்கும், கோயில் வீதி என்றால் பரிபாலன சபைக்கும், பள்ளிவாசல் பக்கம் என்றால் நிருவாகத்துக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். இங்கே ஒரே வடிகான் ஒரு தமிழ்க் கிராமத்தில் தொடங்கி முஸ்லிம் கிராமத்தில் முடியும், இல்லாவிட்டால் மறுபுறமாக ஓடும். மேலேயுள்ளவர்கள் சேற்றைத் தள்ளிவிட, கீழேயுள்ளவர்கள் வீட்டு வாசலில் அது நிற்கும். அப்படியான இடத்தில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். ஒரு பக்கம் எல்லாம் முடிவுசெய்துவிட்டு மற்றப் பக்கத்தை “வந்து சேருங்க” என்று அழைத்தால் மரியாதைக்குத் தலைகாட்டிவிட்டுப் போவார்கள்.

ஓர் ஒழுங்கை, நாற்பது வீடு, தயிர்ச் சட்டி

முதல் வேலையாக எதைச் செய்யலாம் என்று கேட்டால் நான் சொல்வது, புரட்டாதிக் கடைசியில் அல்லது ஐப்பசித் தொடக்கத்தில் ஓர் ஒழுங்கையில் நுளம்பு பெருகும் இடங்களைத் தேடி அழிப்பது. செலவு குறைவு, பலன் கண்ணுக்குத் தெரியும், பதினான்கு வயதுப் பிள்ளையும் செய்யலாம்.

ஏன் அந்த நேரம்? டெங்கு நுளம்பு முட்டையிடுவது தண்ணீருக்குள் அல்ல, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி. தண்ணீர் வற்றினாலும் முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடக்கும். முதல் மழைத் தண்ணீர் அதைத் தொட்டதும் குடம்பி வெளியே வரும், ஒரு கிழமை பத்து நாளில் நுளம்பாகப் பறக்கும். மார்கழியில் வார்டு நிறைந்த பிறகு சிரமதானம் வைப்பதைவிட, காய்ந்து கிடக்கும் முட்டையை மழைக்கு முன்னமே தேய்த்துப் போடுவது எவ்வளவோ மேல்.

இதற்கு மட்டக்களப்பின் உதாரணம் தயிர்ச் சட்டி. நம் வீடுகளில் சட்டியை யாரும் எறிவதில்லை. கிணற்றடியில், கோழிக்கூட்டுக்குப் பின்னால், மல்லிகைப் பந்தலடியில் ஒன்றுக்குமேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும். ஒரு சட்டியை எடுத்து வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து, உள்விளிம்பைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பழைய தண்ணீர் நின்ற கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, கரித்தூள் சிந்தியது போல் புள்ளி புள்ளியாக இருந்தால் அதுதான் முட்டை. தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினால் அது போகாது. தேங்காய்ப் பொச்சால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு சட்டியைக் கவிழ்த்து வைக்கலாம், அல்லது அடியில் ஆணியால் ஒரு துளை போட்டுப் பூச்சட்டியாக்கலாம். ஒருமுறை ஒரு பொடியன் பதினேழு சட்டிக்குத் துளை போட்டுவிட்டு, பதினெட்டாவதில் அந்த வீட்டு மாமி புளி கரைத்து வைத்திருந்ததையும் துளைத்துவிட்டான். ஆகவே கேட்டுவிட்டுத் துளையுங்கள்.

நாற்பது வீட்டுக்கு எட்டுப் பேர் போதும்: இரண்டிரண்டு பேராக நான்கு சோடி, ஒவ்வொரு சோடிக்கும் பத்து வீடு. ஒரு சோடியில் ஒருவராவது அந்த ஒழுங்கைப் பிள்ளையாக இருக்க வேண்டும், அப்போதுதான் நாய் குரைக்காது, கேற்றும் திறக்கும். கையில் ஒரு பழைய பொச்சு, ஒரு டோர்ச், ஒரு கொப்பி. பார்க்க வேண்டிய இடங்கள்: கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, பூச்சாடித் தட்டு, டயர், சிரட்டை, இளநீர்க் கோம்பை, மூடாத தொட்டி, பாவிக்காத கிணறு. கூரையில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். பீலிக்கு வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். கொப்பியில் வீட்டுக்காரர் பெயர் தேவையில்லை, எத்தனை பாத்திரம், எத்தனையில் குடம்பி என்று எழுதினால் போதும். அடுத்த தடவை அதே கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்காரரோடு பேசும் முறை முக்கியம். “உங்க வளவு குப்பையாக் கிடக்கு” என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் அந்த ஒழுங்கை முழுக்க உங்களுக்குக் கதவு சாத்தியது போலத்தான். “மாமி, மழைக்கு முந்தி ஒருக்காப் பாத்துட்டுப் போறம், நீங்களும் வாங்க” என்று சொன்னால் மாமி முன்னால் நடந்து காட்டுவார்.

குப்பையை அள்ளுவது பாதி வேலை

எங்களுடைய இரண்டாவது அவமானம் இது. வாவிக்கரையில் ஒரு காலை முழுவதும் பொறுக்கி, அறுபதுக்கு மேற்பட்ட உரப்பைகளை நிரப்பி வீதியோரம் அடுக்கினோம். ட்ரக்டர் வரும் என்று வாயால் சொல்லியிருந்தார்கள், நாங்களும் வாயால் நம்பியிருந்தோம். வரவில்லை. அன்று இரவு நாய், மறுநாள் மாடு, அதற்கு அடுத்த நாள் மழை. மூன்றாம் நாள் பார்க்கும்போது முன்பு கரையில் மட்டும் கிடந்தது இப்போது வீதியிலும் கிடந்தது.

இப்போது வண்டி உறுதியாகாமல் நாள் குறிப்பதில்லை. வண்டிக்காரரின் பெயரும் நேரமும் கையில் இருக்க வேண்டும், முதல்நாள் பின்னேரம் ஒரு தடவை பேச வேண்டும். உள்ளூராட்சி சபையிடமிருந்து கிடைக்காவிட்டால் ஊரில் ஒரு லேண்ட்மாஸ்டர் வைத்திருப்பவரிடம் டீசல் காசு கொடுத்துப் பேசலாம். ஆனால் எங்கே கொட்டுவது என்பதைச் சபையிடம் கேட்டுத்தான் செய்யவேண்டும். போத்தல், கண்ணாடி, மற்றவை என்று மூன்றாகப் பிரித்துப் பையில் போடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் போத்தலையும் இரும்பையும் பழைய சாமான் வாங்குபவர் எடுத்துக்கொள்வார், பாரம் பாதியாகும். எரிப்பது மட்டும் கூடவே கூடாது.

அப்புறம், துப்புரவு செய்ய வந்தவர்கள் லஞ்ச் சீட்டிலும் பிளாஸ்டிக் போத்தலிலும் சாப்பிட்டுக் குடித்துவிட்டு அதையும் ஒரு பை நிரப்பிப் போவதை நான் கண்டிருக்கிறேன். ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலும் கோப்பையும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். பெரிய பானையில் கஞ்சி, அவித்த கடலை, தேத்தண்ணி. மாதர் சங்கத்திடம் சாமானை வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள், அந்தச் சாக்கில் அவர்களும் வேலைக்குள் வந்துவிடுவார்கள்.

பிள்ளைகளின் பொறுப்பு உங்கள் கையில்

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் யாரையும் சேர்க்க வேண்டாம். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், பெண்பிள்ளைகள் இருந்தால் பெரியவர்களில் ஒரு பெண் கட்டாயம். எந்தப் பிள்ளையையும் தனியாக ஒரு வீட்டுக்குள் அனுப்ப வேண்டாம். வேலை காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிய வேண்டும். பத்து மணி வெயிலில் மட்டக்களப்பு மணலில் நின்று பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். படுவான்கரைக்குப் போகிறீர்கள் என்றால், குருக்கள்மடம் – அம்பிளாந்துறைப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகில்) போவதானாலும் மண்முனைப் பாலத்தால் பஸ்ஸில் போவதானாலும், கடைசிச் சேவை எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்டு வையுங்கள். பின்னேரம் யானை இறங்கும் இடங்களும் அங்கே உண்டு.

வாவிக்குள் யாரும் இறங்கக் கூடாது. முதலை இருக்கிறது, சேறும் இழுக்கும். வடிகானில் இறங்குபவருக்கு பூட்ஸும் கையுறையும் இருக்க வேண்டும். காலில் வெட்டுக் காயம் உள்ளவரைக் கரையில் பை பிடிக்க விடுங்கள். எலிக்காய்ச்சல் சேற்றுத் தண்ணீர் வழியாகத்தான் வருகிறது. வயல் பக்க வடிகான் என்றால் முற்காப்பு மாத்திரை தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே கேளுங்கள், உங்கள் பாட்டில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். வேலைக்குப் பிறகு இரண்டு கிழமைக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், வடிகானில் நின்றதை வைத்தியரிடம் சொல்லச் சொல்லுங்கள். பற்றையை வெட்டுமுன் தடியால் தட்டுங்கள், புடையன் பாம்புக்கு உங்கள் நிகழ்ச்சி நிரல் தெரியாது. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றப்பட்டதாக 2017இல் அறிவித்தார்கள் என்றாலும், பழைய பதுங்குகுழிப் பக்கம் துருப்பிடித்த இரும்பு எதையாவது கண்டால் தொடாமல், எல்லாரையும் பின்னால் எடுத்து, 119க்குச் சொல்லுங்கள். அம்புலன்ஸ் 1990. இந்த இரண்டு இலக்கங்களும் ஒவ்வொரு குழுத் தலைவரின் போனிலும் இருக்க வேண்டும்.

காசும் பொருளும்

காசு விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவர் கையில் காசு, இன்னொருவர் கையில் கொப்பி. பற்றுச்சீட்டை அன்றைக்கே படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள். பதாகைக்குப் போகும் காசை கையுறைக்குப் போடலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார், அவரைப் பொருளாளராக்குங்கள்.

பொருள் கொடுக்கும் வேலை, அதாவது கொப்பி, சப்பாத்து, பாடசாலைப் பை, வந்தால் கொஞ்சம் பொறுமையாக யோசியுங்கள். சப்பாத்துக்குக் கால் அளவு வாங்காமல் ஐம்பது சோடி கொண்டுபோனால் இருபது சோடி யாருக்கும் பொருந்தாது. மேடையில் பிள்ளையை நிறுத்தி, நீங்கள் ஒரு பக்கம் பிடிக்க அது மறுபக்கம் பிடிக்க, கமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லாதீர்கள். அந்தப் படம் நாளைக்கு அதன் வகுப்புப் பிள்ளைகளின் போனிலும் ஓடும். அதிபரிடமோ வகுப்பாசிரியரிடமோ ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.

முடிந்த பிறகு

அன்றைக்கே, ஆட்கள் கலையுமுன், மரநிழலில் கால்மணி நேரம் உட்காருங்கள். எது சரிவரவில்லை என்று சின்னப் பிள்ளையிலிருந்து தொடங்கிக் கேளுங்கள்; பெரியவர்கள் முதலில் பேசினால் சின்னவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு கிழமை கழித்து அதே நாற்பது வீட்டில் பத்து வீட்டையாவது போய்ப் பாருங்கள். மழை விழுந்த பத்தாம் நாள் இன்னொரு தடவை. கன்று நட்டிருந்தால் ஒவ்வொரு கன்றுக்கும் எதிரேயுள்ள வீட்டில் ஒரு பிள்ளையின் பெயரை எழுதி, அந்தப் பிள்ளையிடமே ஒரு வாளியைக் கொடுத்துவிடுங்கள். எங்கள் அடுத்த தடவை மரங்களுக்கு அந்த அம்மம்மாதான் மேற்பார்வை. யார் வீட்டுக் கன்று வாடுகிறது என்று கோயிலில் வைத்தே சொல்லிவிடுவார்.

இரவல் வாங்கிய சாமான்களுக்கு ஒரு பட்டியல் இருக்கட்டும்: யாருடைய மண்வெட்டி, யாருடைய அலவாங்கு, யாருடைய கஞ்சிப் பானை. அன்று பின்னேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். அலவாங்கைக்கூடத் துடைக்காமல் கொடுத்துத் தப்பிவிடலாம். மண்வெட்டியைச் சேற்றோடு கொடுத்தால் அடுத்த ஐப்பசிக்கு அந்த வீட்டில் மண்வெட்டி “பிடி உடைஞ்சி கிடக்கு மனே”.